புழு அடங்கிய செய்தி

1

ஊரில் என்னை விசாரிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இன்னும் பழகவில்லை. இன்று காலையிலும் டப்பாவின் மூடியைத் திறந்தபோது வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் வந்தது. புளித்துப்போன மாவும், மழையில் நனைந்த சாக்கும், மூலையில் செத்துக் கிடக்கும் எலியும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நாற்றம் வருமோ அந்த நாற்றம். மக்கிய மரத்தூளைக் கரண்டியால் விலக்கினால் அடியில் அது கிடக்கும். என் கட்டைவிரலைவிடத் தடிமன். வெள்ளை வெளேரென்று அரைவட்டமாகச் சுருண்டிருக்கும். தலை மட்டும் பழுப்பு. பின்பாதியில் தோல் அவ்வளவு மெலிசு, உள்ளே தேங்கியிருக்கும் கறுப்புக் கழிவு வெளியிலிருந்தே தெரியும். தொட்டால் வாயிலிருந்து பழுப்பாக ஒரு நீரைக் கக்கும். சில சமயம் கடிக்கும்.

நான் முத்தியால்பேட்டையில் பிறந்தவள். ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்குக் கடைசியாக மாற்றல் கிடைத்த இடம் கயேன். பிரெஞ்சு கயானாவின் தலைநகரம். பிரான்சில் இருக்கிறேன் என்று சொன்னால் ஊரில் உடனே, “குளிர் தாங்குதா?” என்பார்கள். இது தென் அமெரிக்காவின் தலைமாட்டில் கிடக்கிற பிரான்ஸ். காடு, சேறு, மழை, வியர்வை. துணி காயாது. சுவரில் பூஞ்சை ஏறும். கடிதாசு மட்டும் பாரிசிலிருந்து வரும்.

இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தரை துடைக்கத்தான் போனேன். புழு டப்பாக்களுக்குத் தண்ணீர் தெளிக்கிற பையன் நின்றுவிட்டான். வேறு யாரும் கிட்டே வரவில்லை. என்னைக் கேட்டார்கள். வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்துக்கொண்டே, “நாய் வித்த காசு குரைக்காது, கருவாடு வித்த காசு நாறாது, போ” என்றார். காசு நாறவில்லை, உண்மைதான். கை நாறுகிறதே, அதற்கு ஒரு பழமொழியும் சொல்லி வைக்கவில்லையே நம்மவர்கள்.

2

என்ன வேலை என்று கேட்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், வண்டுகளின் பிள்ளைப் பருவத்தை எழுதி வைக்கிற வேலை.

தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குக் காண்டாமிருக வண்டைத் தெரியும். அந்தக் குலத்து வண்டுகள் இந்தக் காட்டில் எக்கச்சக்கம். கொம்பு வைத்தது, பச்சையாக மின்னுவது, செம்பு நிறத்தில் இருப்பது என்று எல்லாவற்றையும் அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் பிடித்து, ஊசி குத்தி, பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் வண்டு என்பது கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் அது வருஷக்கணக்கில் புழுவாக மரத்துக்குள்ளும் சாணத்துக்குள்ளும் கிடக்கிறது. அந்தப் புழு எப்படி இருக்கும் என்பது முக்கால்வாசி வண்டுகளுக்கு யாருக்குமே தெரியாது. அழகாக இருப்பதைத்தான் எல்லாரும் முதலில் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அழுகலைக் கிண்ட யாருக்கு மனசு வரும்?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பதெல்லாம் இந்தக் குலத்தில் செல்லாது. கொம்பு வைத்த ராஜாவுக்கும் அவன் பிள்ளைக்கும் ஓர் ஒற்றுமையும் இல்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வெள்ளைக் கொழுப்பு உருண்டைகள். முகத்தைப் பார்த்து, “நீ இன்னார் மகன்தானே” என்று சொல்லப் பழகிய ஊரிலிருந்து வந்தவளுக்கு இது பெரிய சோதனை. இங்கே பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, பின்பக்கத்தை. மன்னிக்க வேண்டும், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கழிவு வெளியேறும் வாய் குறுக்குக் கோடாக இருக்கிறதா, கவட்டைக் கம்பு மாதிரிப் பிரிகிறதா, அதற்கு முன்னால் உள்ள முட்கள் இரண்டு வரிசையா, சிதறியிருக்கின்றனவா. இதையெல்லாம் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, பென்சிலால் வரைய வேண்டும். காலை முழுக்க ஒரு புழுவின் குண்டியை வரைந்துவிட்டு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கிற வாழ்க்கையை எங்கள் பங்குச்சாமியாரிடம் சொன்னபோது, “ஆண்டவர் படைப்பில் எல்லாம் நல்லதே” என்றார். அவர் மோந்து பார்த்ததில்லை.

என் முதல் வர்ணனையை ஆராய்ச்சியாளர் அம்மாவிடம், மதாம் என்றுதான் கூப்பிடுவேன், காட்டினேன். “நீளம் இவ்வளவு, தலை இன்ன நிறம், உடல் அசிங்கம்” என்று எழுதியிருந்தேன். அசிங்கம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, “எத்தனை மில்லிமீட்டர் அசிங்கம்?” என்று கேட்டார். அதிலிருந்து அசிங்கத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, முட்களை மட்டும் எழுதுகிறேன்.

3

பிரெஞ்சில் புழுவுக்கு ‘வேர்’ என்று பேர். தண்ணீர் குடிக்கிற கண்ணாடித் தம்ளருக்கும் ‘வேர்’ என்றுதான் பேர். பச்சை நிறமும் ‘வேர்’. எழுதும்போதுதான் வேறுபடும், வாயில் வராது. நம் வாயிலோ அது மரத்தின் வேர்.

ஓர் அரசாங்க அலுவலகத்தில் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது என்ன தொழில் என்று கேட்டாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண். “வேர்களைப் பார்த்துக்கொள்கிறேன், தினமும் சுத்தம் பண்ணுகிறேன்” என்றேன். “எந்த ரெஸ்டாரண்டில்?” என்று கேட்டாள். வரிசை பின்னால் நீண்டிருந்தது. புழு என்று கையால் நெளித்துக் காட்ட வெட்கமாக இருந்தது. அவளாக ஏதோ தட்டிக்கொண்டாள். அந்த அரசாங்கத்தின் கணக்கில் நான் இன்றைக்கும் ஹோட்டலில் தம்ளர் கழுவுகிறவள். திருத்தச் சொன்னால், திருத்தத்துக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு சான்று, சான்றுக்கு மறுபடியும் அதே அட்டை. விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், தம்ளர் கழுவுகிறவள் என்பது கொஞ்சம் கௌரவமாகவும் இருந்தது.

4

என் மகள் செலின் இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்து, மேல்படிப்புக்குப் பாரிசுப் பக்கம் போகக் காத்திருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் அந்தத் தமிழ் முழுக்க என் வாயிலிருந்து விழுந்தது மட்டுமே. வேறு ஆள் கிடையாது, தெரு கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. ஆகவே அவள் தமிழில் பாதி அதட்டல். வா, போ, தின்னு, மூடு, அடங்கு. அருவருப்பு வந்தால்கூட “ச்சீ” என்று வராது. “பெர்க்” என்பாள், பிரெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி. என் வேலையைப் பற்றி அவள் சொல்கிற ஒரே சொல்லும் அதுதான். வேலை முடிந்து வந்தால் குளித்த பிறகுதான் என் பக்கத்தில் உட்காருவாள். தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. கேட்டால், “வாசம்” என்பாள். நாற்றம் என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

போன மழைக்கு முன்னால், விழுந்து மக்கிய ஒரு மரத்தைப் பிளந்தபோது மூன்று புழுக்கள் கிடைத்தன. அந்த முள் வரிசையை மதாமும் பார்த்ததில்லை, புத்தகத்திலும் இல்லை. மதாமுக்கு முகம் மலர்ந்தது. எனக்கு வழக்கம்போலப் புரட்டியது.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. புழுவை ஒழுங்காக வரைய வேண்டுமென்றால் கொல்ல வேண்டும்: கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பிறகு சாராயத்தில். ஆனால் அது எந்த வண்டின் பிள்ளை என்று தெரிய வேண்டுமென்றால் அதை வளர்த்து வண்டாக்க வேண்டும். கொன்றால் உடம்பு உண்டு, பேர் இல்லை. வளர்த்தால் பேர் உண்டு, உடம்பு இல்லை. அதனால் இரண்டைக் கொதிநீரில் போட்டேன். அந்த வெந்த வாசனையைப் பற்றி எழுதவே மாட்டேன். மூன்றாவதை வளர்த்தோம். அது வண்டாக வெளியே வராவிட்டால் மற்ற இரண்டும் வீணாகச் செத்தவை. நான் வரைந்த படங்கள் எல்லாம் ஊர் பேர் தெரியாத அனாதையின் பின்பக்கப் படங்கள். அதே மரத்தில் திரும்பத் தேடிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் அப்பாவின் வருஷப் பூசை வந்தது. அப்பா மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு வாட்ச்மேன். சாவுக்குப் போக முடியவில்லை. விமானம் பிடிப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வருஷப் பூசைக்காவது போகாமல் இருக்க முடியாது. கூடத்தில் எல்லாரும் விடுமுறை, கட்டடத்துக்கே பூட்டு. எனவே டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி துவைக்கிற இடத்தில் வைத்து, செலினைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பரீட்சை, என்னோடும் அவள் அப்பாவோடும் வரவில்லை.

“தெனம் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். அவ்ளோதான்.”

“தொடணுமா?”

“தொட வேணாம்.”

“மூடிய தொறக்கணுமா?”

“தொறக்காம எப்படிடி தெளிப்ப?”

“பெர்க்” என்றாள். முடியாது என்று சொல்லவில்லை. அதை நம்பி விமானம் ஏறினேன்.

5

பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கை ரீத்தா வீட்டில் சாப்பாடு. முத்தியால்பேட்டையில் அதே வீடுதான், மேலே ஒரு மாடி கட்டியிருக்கிறாள். பிரியாணி முடிந்ததும் எனக்கென்று தனியாக ஒரு தட்டு கொண்டுவந்தாள்.

“ஒனக்காவத்தான் செஞ்சேங்க்கா. வெல்லம் கொஞ்சம் தூக்கலா. எடு.”

கொழுக்கட்டை. வெளுப்பாக, அரைவட்டமாக, ஓரம் மடித்து மடித்து வைத்தது. ஆவியில் வெந்த மாவுத் தோல் மெலிசாகி, ஒரு முனையில் உள்ளே இருக்கிற வெல்லப் பூரணம் கறுப்பாகத் தெரிந்தது. தலை மட்டும்தான் இல்லை.

“வவுறு சரியில்ல ரீத்தா.”

“பொய் சொல்லாத. அங்க கண்டதயும் துன்னுட்டு, நான் செஞ்சது எறங்கலியா?”

வேறு வழியில்லாமல் விவரத்தைச் சொன்னேன். கறுப்பு ஏன் தெரிகிறது என்பது உட்பட. கேட்டுக்கொண்டே ஒன்றைக் கடித்திருந்தவள் மென்றதைக் கையில் துப்பினாள்.

“த்தூ. ஏங்க்கா, துன்றத்துக்கு முன்னாடி சொல்லக்கூடாதா? இனிமே எனக்கும் எறங்காது. குடும்பத்தையே கெடுத்துட்ட.”

ரீத்தாவின் கணவர் சேவியர் ஊஞ்சலில் இருந்தபடி கேட்டார்: “இதுக்கா அண்ணி அவ்ளோ தூரம் ஃப்ளைட் ஏறிப் போனீங்க? நோணாங்குப்பத்துத் தோப்புல எருக்குழியக் கெளறினா மரக்கா கணக்குல அள்ளலாமே. நான் கோழிக்குப் போடுறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசுக்குள் கொஞ்சம் கசந்தது. என் வேலையை எனக்கே பிடிக்காது. ஆனாலும் அதைக் கோழிக்குப் போட்டால் வலிக்கிறது.

அப்போதுதான் செலின் கூப்பிட்டாள். அங்கே காலை, இங்கே வெயில் சாய்கிற நேரம். தானும் பேச வேண்டும் என்று ரீத்தா ஸ்பீக்கரில் போட்டாள். வணக்கம், சாப்பிட்டியா என்பதற்கெல்லாம் முன்னால், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி செலின் சொன்னாள்:

“மம்மா, அடங்கிடுச்சி.”

சேவியர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அப்பாவின் மூச்சு நின்றபோது ரீத்தா என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் இதே சொல்தான்: அப்பா அடங்கிட்டாருக்கா. வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

“யாரும்மா? ஊட்டுக்காரர் பக்கமா? எப்ப அடக்கம்?”

“யாரும் இல்ல பெரியம்மா” என்றாள் ரீத்தா. “அக்கா ஒரு புழு வளக்குது. அது போயிடுச்சாம்.”

“புழுவா?” பெரியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். “புழுவுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சி? பெத்த மனம் பித்துன்னு கேட்டிருக்கேன். வளத்த மனம் புழுவுக்குமா பித்து?”

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

“எப்பருந்துடி?”

“நேத்துலருந்து. நெளியல, ஒண்ணும் பண்ணல. டப்பா வெளியிலருந்தே தெரியுது, மஞ்சளா ஆயிடுச்சி. தோல் சுருங்கிடுச்சி.”

செத்த புழு மஞ்சளாகும், பிறகு கறுக்கும், பிறகு கூழாகும். கூழாகிவிட்டால் எதுவும் மிஞ்சாது. இனி பேர் கிடைக்காது. உடம்பையாவது காப்பாற்ற வேண்டும்.

“இங்க பாரு. உடனே தண்ணிய கொதிக்க வை. கரண்டியால எடுத்து அதுல போடு. அப்பறம் என் மேசைக்குக் கீழ சாராயப் போத்தல் இருக்கு, அதுல போட்டு மூடு.”

“நானா?”

“வேற யாரு?”

“நோன், முடியாது. நான் தொடமாட்டேன் மம்மா. சொல்லிட்டேன். கரண்டியாலயும் மாட்டேன். நாம சாப்புடுற கரண்டி.”

“பழைய கரண்டிடி.”

“பெர்க். மாட்டேன்.”

“ஒரு நாள் உட்டா அழுவிடும்டி.”

“அழுவட்டும். ஆனா நீ ஏன் அத—”

“அடங்குடி” என்று கத்தினேன். படிக்குக் கீழே பெரியம்மாவின் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் ஊரில் இருந்த நாட்களில் எதுவும் ருசிக்கவில்லை. பிள்ளையை வளர்த்த லட்சணம் என்று எனக்கு நானே காறித் துப்பிக்கொண்டேன். அப்பனோடு தாத்தா வருஷப் பூசைக்கு வரவில்லை. அம்மா கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்யவில்லை. ஒரு கரண்டியைத் தூக்க முடியவில்லை. யாரோ வெள்ளைக்காரி வீட்டில் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறாள். கணவரிடம் பொருமினேன். “நீயே தெனம் வந்து உவ்வேங்குற. அவளுக்கு மட்டும் இனிக்குமா?” என்றார். அவர் எப்போதும் அவள் பக்கம்.

6

கயேன் வந்து இறங்கி, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் துணி துவைக்கிற இடத்துக்குப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். கையை எடுத்தேன். அழுகல் வாடை இல்லை. வழக்கமான அந்தப் புளித்த நாற்றம் மட்டும், ஈரமாக.

டப்பாவின் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். பிளாஸ்டிக்கை ஒட்டினாற்போல், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்பக்கம் வழவழவென்று பூசிய ஓர் அறை. தன் கழிவையும் மண்ணையும் குழைத்துத் தானே கட்டிக்கொண்டது. அதற்குள் மஞ்சளாக, சுருங்கி, ஒரு முனையை மேலே வைத்து அது படுத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கடைசி மடிப்பை மட்டும் ஒரு தடவை அசைத்தது. தூக்கத்தில் புரள்கிற மாதிரி.

கூட்டுப்புழு ஆவதற்கு முந்திய நிலை. வயிற்றில் உள்ளதையெல்லாம் வெளியேற்றிவிட்டு, மஞ்சளாகி, அசையாமல் கிடக்கும். எத்தனை புழுக்களுக்கு இதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. நான் சொன்னதை அவள் செய்திருந்தால், உயிரோடு கொதிக்கிற தண்ணீரில் விழுந்திருக்கும்.

செலின் கதவோரம் நின்றிருந்தாள். மூக்கில் துணிக் கிளிப். கையில் இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே.

“நீதானே செத்துப்போச்சின்னு சொன்ன?”

“நான் எங்க செத்துச்சின்னு சொன்னேன்? அடங்கிடுச்சின்னு சொன்னேன்.” கிளிப் போட்ட மூக்கால் பேசியதால் குரல் வாத்து மாதிரி இருந்தது. “நீதான தெனம் என்னச் சொல்லுவ, அடங்குடி அடங்குடின்னு. நான் என்ன, செத்தா போனேன்?”

அந்தச் சொல்லுக்கு ஊரில் எத்தனை வாசல் உண்டு என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அவள் தாத்தாவின் அடக்கத்துக்கும் போகவில்லை. அவளைப் பொறுத்தவரை அடங்குவது என்றால் ஆடாமல் ஓர் இடத்தில் கிடப்பது. புழு அதைத்தான் செய்தது. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தப்பாகக் கேட்டது முத்தியால்பேட்டைக் காது.

“தண்ணி தெளிச்சியா?”

“தெனம். கண்ண மூடிக்கிட்டு. தூரத்துலருந்து.” ஸ்ப்ரேயைத் தூக்கிக் காட்டினாள். சுவர் முழுக்க ஈரக் கறை. பாதித் தண்ணீர் டப்பாவுக்குள் விழுந்திருக்கும், அது போதும்.

“நான் கொதிக்கிற தண்ணில போடச் சொன்னேனே, அப்பவே உயிரோட இருக்குன்னு சொல்லக்கூடாதா?”

“சொல்ல வந்தேன். அடங்குன்னு சொல்லிட்ட.”

7

வெகு நாள் கழித்து அறையை உடைத்துக்கொண்டு வண்டு வெளியே வந்தது. ஆண். பளபளக்கும் கறுப்பு, நெற்றியில் மேல்நோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. மதாம் பார்த்த உடனே பேரைச் சொன்னார். ரொம்பக் காலமாகப் பேர் உள்ள வண்டுதான். பேட்டைக்கே தெரிந்த பெரிய மனுஷன் மாதிரி. அவன் சின்ன வயசில் எப்படி இருந்தான் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அறையின் மூலையில் அவன் கழற்றிப்போட்ட புழுத்தோல், அப்பளம் மாதிரி நசுங்கி, தலை ஓட்டோடு கிடந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்து விரித்தேன். அந்த முள் வரிசை இருந்தது. நான் வரைந்த வரிசையேதான். என் படங்களுக்கு அப்பன் பேர் கிடைத்துவிட்டது.

இதைச் சொன்னால், அப்படியானால் இப்போது அந்தப் புழுக்கள் மேல் பாசம் வந்திருக்குமே என்று ஊரில் கேட்பார்கள். இல்லை. அந்தத் தோலை விரிக்கும்போதும் குமட்டியது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். செலின் அருவருப்பு இல்லாத பிள்ளையாக இருந்திருந்தால், நல்ல பிள்ளையாக, சொன்ன பேச்சைக் கேட்டு, கரண்டியால் எடுத்துக் கொதிநீரில் போட்டிருப்பாள்.

நேற்று சாயங்காலம் செலின் வீட்டுக் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் புறப்படுகிறாள். விளக்கு போட்டதும் டப்பாவுக்குள் வண்டு விழித்துக்கொண்டது. மூடியில் முட்டி, விழுந்து, மறுபடியும் ரீங்காரத்தோடு எழும்பி முட்டியது. கரகரவென்று காதைக் குடையும் சத்தம். நான் சமையல்கட்டில் இருந்தேன். அவள் எழுந்து போகிற காலடியும், டப்பாவின் மேல் கையால் ஒரு தட்டும் கேட்டது.

“ச்சீ” என்றாள். “அடங்குடா.”

குரல், ராகம் எல்லாம் அப்படியே என்னுடையது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வண்டு அடங்கவில்லை.